எட்டாம் கட்டத்தில் ஜாதிக்காய்

ஹலோ... ஹலோ, அக்கா? நான்தான் ஹெஸ்தர்... ஆமா, ஆமா, மறுபடியும் நான்தான். இடைவேளை முடிஞ்சுதா?... இரு, இரு, ஒண்ணும் சொல்லாதே! நாம என்ன பேசி வச்சோம்? பந்து எந்தக் கட்டம்னு எண்ணை மட்டும் சொல்லணும். வேற ஒரு வார்த்தை கூடாது...

டாக்டர் வீட்டுக் கூடத்தில், மாவு ஒட்டிய கையால் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஹெஸ்தர். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுச் சமையல் அவள்தான். சனிக்கிழமை மத்தியானம் ஆனதால் டாக்டர் கோல்ஃப் ஆடப் போயிருந்தார். மேஜைமேல் ரேடியோப் பத்திரிகை விரிந்து கிடந்தது. அதில் கால்பந்து மைதானத்தை எட்டுக் கட்டமாகப் பிரித்துப் படம் போட்டிருந்தார்கள். ரேடியோவில் ஒருவர் ஆட்டத்தை வர்ணிப்பார். இன்னொருவர் கூடவே பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டு வருவார். ஹெஸ்தர் பந்துக்குப் பதில் ஓர் உலர்ந்த திராட்சையையும், மகன் எல்லிஸுக்குப் பதில், கஸ்டர்டில் துருவ எடுத்து வைத்திருந்த ஒரு ஜாதிக்காயையும் படத்தின்மேல் வைத்திருந்தாள். ராவன்ஷா அணிக்கு எல்லிஸ் இன்றுதான் முதல் தடவையாகக் கோல்கீப்பராக நிற்கிறான்.

...தெரியும்க்கா, உன் கடைக்கே வந்து எல்லாரோடயும் உக்காந்து ரேடியோ கேக்கலாம். ஆனா என் காது பட்டா கோல் விழுது. போன மாசம் சின்ன ஆட்டம்தானேன்னு போய் வேலிக்கு வெளியே நின்னேன். உள்ளே எட்டிப் பார்க்கக்கூட இல்லே, சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். அஞ்சு விழுந்துது! இன்னிக்கும் தெருவே அவனை ‘ஓட்டைக் கை’ன்னுதான் கூப்பிடுது... சிரிக்காதே. இன்னிக்கு நல்லா நின்னாத்தான் கிளப்புல வச்சுக்குவாங்க. இல்லேன்னா திங்கக்கிழமை சுரங்கத்துல இறங்கணும். அவங்க அப்பா இறங்கிட்டு ஏறி வராத அதே சுரங்கம்... சரி, சரி, நான் அழலே. எண்ணைச் சொல்லு.

எட்டா? பலே!... ஏழு... மறுபடியும் எட்டா? அப்படிப் போடு!

முதல் பாதியில் எல்லிஸ் ஒன்று, இரண்டு பக்கம் நிற்கிறான் என்று அக்கா டோர்கஸ் சொல்லியிருந்தாள். ஜாதிக்காய் அங்கேதான் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. திராட்சையோ படத்தின் மறுகோடியில் கிடந்தது. ஹெஸ்தருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அங்கேயே வச்சு நொறுக்குங்கடா! மூச்சு விட விடாதீங்க!... என்னக்கா, என்னமோ சொல்ல வர்றே?... வேண்டாம், குறுக்கே பேசாதே! எண்ணு!... எட்டு. ஹா! அந்தக் கோல்கீப்பர் பாவம். அவனைப் பெத்தவ எங்கே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளோ!... அத்தான் ஏன் அப்படிக் கத்துறாரு?... நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரா? நம்ம பசங்க இந்தப் போடு போடுறாங்க, இவருக்கு எதுக்கு நெஞ்சு அடைக்குது? வெந்நீர் குடு... எட்டு... இன்னும் எட்டா? அக்கா, எனக்குப் பாட்டே வருது. உன் பச்சைத் தொப்பி ஞாபகம் இருக்கா? இவன் ஜெயிச்சா அதை எனக்குக் குடுத்துடணும், நாளைக்குச் சர்ச்சுக்கு... ஏழு... ஆறு... நாலு... ஏன் இப்படி ஓடுது?... ரெண்டா? ரெண்டுன்னா இங்கே... ஒண்ணா?

அய்யோ! ஒண்ணா! டேய் எல்லிஸ்! பிடிடா! காலை வையி, எதையாவது வையி!... என்ன சத்தம் அங்கே? யாரு மேஜையைத் தட்டுறது?... கோலா?

ஹெஸ்தர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த மாவெல்லாம் அதன் நல்ல மெத்தையில் அப்பியது. அதைத் தட்டிவிடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

போச்சு. முடிஞ்சு போச்சு... நீ ஏன்க்கா சிரிக்கிறே? கூடப்பிறந்தவ பிள்ளை குழிக்குள்ளே போறான், உனக்குச் சிரிப்பு வருதா?... என்னது? நம்ம கோலா? நம்ம கோல் எப்படி நம்ம வலையிலே... பக்கம் மாறிட்டாங்களா? எப்போ?... இடைவேளையிலேயா? யாரைக் கேட்டு மாறினாங்க?... எல்லா ஆட்டத்துலயும் மாறுவாங்களா? எனக்கு யாரு சொன்னா?... ஆமா, ஆமா, நான்தான் வாயை மூடுன்னேன். அதுக்காக நிஜமாவே மூடுவியா?

அவள் மெல்ல ஜாதிக்காயை எடுத்தாள். அதை எட்டாம் கட்டத்தில் வைத்தாள்.

அக்கா... அப்போ அந்த எட்டு, எட்டு, ஏழு, எட்டு... அத்தனையும் என் பிள்ளை மேலயா விழுந்துது? அவனைத்தானா ‘நொறுக்கு’ன்னு இங்கே நின்னு கத்தினேன்? பாவி நான்... எத்தனை?... பதினொண்ணா? பதினொண்ணையும் பிடிச்சானா? ‘ஓட்டைக் கை’யா பிடிச்சான்?... ஒண்ணை மூக்காலயா? அது அவங்க அப்பா மூக்கு, அகலம்.

...யாரு? யாரும்மா நடுவுலே?... டெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் பொண்ணா? டாக்டருக்கு யாரு காத்திருக்கா?... டகெட்டா? அவருக்குக் கால் ஆணி. அது எங்கேயும் ஓடிப் போகாது பொண்ணே, அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லு... நீயும் கேட்டுக்கிட்டா இருக்கே? அப்போ பேசாம கேளு.

அக்கா, சொல்லு... என்ன டால்டி?... பெனால்டியா? அப்படின்னா?... எல்லாரும் ஒதுங்கிக்குவாங்களா? ஒருத்தன் மட்டும் கிட்டே நின்னு உதைப்பானா? இவன் தனியாவா நிப்பான்? இதெல்லாம் ஒரு நியாயமா? இது விழுந்தா சமம் ஆயிடுமே!... எட்டாம் கட்டம். தெரியுது, தெரியுது, ஜாதிக்காய் அங்கேதான் இருக்கு.

அக்கா... இரு. போனை ரேடியோ கிட்டே கொண்டு போ... ஆமா, நானே கேக்குறேன். அந்தப் பிள்ளை தனியா நிக்குது. நான் காதைப் பொத்திக்கிட்டு நின்னா நல்லா இருக்குமா? விழுந்தா விழட்டும், எனக்குத் தெரிஞ்சு விழட்டும். கிட்டே வையி. இன்னும் கிட்டே.

ஹெஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் இரைச்சல்தான் கேட்டது. பிறகு இரைச்சலும் அடங்கியது. ஒரு குரல் ஏதோ மெதுவாகச் சொன்னது. பிறகு ஊரே அலறியது.

...அக்கா! அக்கா, கேட்டியா? ‘பிடித்துவிட்டார்’னு சொன்னாரு! ‘ர்’ போட்டுச் சொன்னாரு அக்கா! எங்க எல்லிஸை! முழுப்பேரையும் சொன்னாரு, ரெண்டு தடவை! நான் காதால கேட்டேன், கேட்டும் விழலே!... விசில் ஊதிட்டாங்களா? முடிஞ்சுதா?... பொண்ணே, நீயும் கேட்டியா?... ஏம்மா நீ அழறே? உனக்கு என்ன, அவனைத் தெரியுமா?... ஓஹோ. எத்தனை நாளா?... சரி, சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். நீ நாளைக்குச் சர்ச்சுக்கு வா, முகத்தைப் பார்க்கணும்.

...என்னக்கா?... தொப்பியை நீயே வச்சுக்கோ. இல்லே, இல்லே, குடு... டகெட்டை இனிமே காக்க வைக்கக் கூடாது, வச்சிடுறேன். அக்கா... திங்கக்கிழமை அவன் தூங்கட்டும். விடிஞ்ச பிறகும் தூங்கட்டும். நான் எழுப்பமாட்டேன்.

ரிசீவரை வைத்தாள். திராட்சையை வாயில் போட்டுக்கொண்டாள். ஜாதிக்காயைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்; அதைத் துருவ அவளுக்கு மனம் வரவில்லை. துடைத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு டாக்டர் சாப்பிட்ட கஸ்டர்டில் ஜாதிக்காய் இல்லை.