போத்தலுக்குள் கிடாய் மணம்

உடுப்பிட்டி பஸ்ஸில், மடியில் வெறும் போத்தலோடு இருந்த பெண் பக்கத்திலிருந்த ஊர்க்காரியிடம் சொன்னாள்:

“கிடாயைத் துணியாலை தேய்ச்சு, அந்த மணத்தை இதுக்குள்ளை அடைச்சுக் கொண்டுவரவேணும்.”

“என்னத்துக்கு?”

“என்ரை ஆட்டுக்கு நல்லினக் குட்டிக்கெண்டு போட்ட சினை ஊசி ரண்டுதரமும் பிழைச்சிட்டுது. அது எப்ப கிடாய் தேடுதெண்டு தெரியேல்லை. மணத்தைக் காட்டினால் வாலாட்டுமாம், அப்ப ஊசி போடலாமெண்டு டொக்டர் சொன்னவர்.”

“பக்கத்துவீட்டு அண்ணையிட்டைக் கிடாய் நிண்டதல்லோ?”

“நிண்டது. நாறுதெண்டு நான்தான் நெடுகலும் வேலியடியிலை சண்டை பிடிச்சனான். இறைச்சிக்குக் குடுத்திட்டார்.”

பஸ் இரண்டு தரிப்பைத் தாண்டியது.

“இப்ப கிடாய் மணம் தேடிப் போறது அவருக்குத் தெரியுமோ?”

“ஓம். கிடாய் நிக்கிற வீட்டைச் சொல்லி, இந்தப் போத்தலையும் கழுவித் தந்தவர் அவர்தான்.”