பன்னெண்டரை வெயில்

அந்தக் கிரீமத் தூக்கிப் பைக்குள்ள வைங்க சார். எங்கூரு வெயிலு அதுக்கெல்லாம் பயந்த வெயிலு இல்ல. வேர்வையோட வழிஞ்சு கண்ணுலதான் எரியும். இந்தாங்க, மோரு. குடிச்சுக்கிட்டே கேளுங்க. பட்டாசுக் கம்பெனி எங்கயும் ஓடிறாது, இந்தா இந்த மண்ரோட்டுல பத்து நிமிச நடை. கல்யாணத்துக்கு மொத்தமா எடுக்க வந்தேன்னீகள்ல? எடுங்க, எடுங்க.

பிள்ளைக ரெண்டா? வெயில்ல வெளையாண்டு தோலு உரியுதா? ஐயோ பாவம். கேளுங்க சார், காசு செலவில்லாத வைத்தியம். பத்து மணிக்கு மேல நாலு மணி வரைக்கும் வெளிய விடாதீக. கேக்க மாட்டாகளா? அப்ப முழுக்கைப் பருத்திச் சட்ட போட்டு விடுங்க. கெட்டித் துணியா இருக்கணும், தொவச்சுத் தொவச்சு நைஞ்சது ஆகாது, அது வழியா வெயிலு எட்டிப் பாக்கும். காந்துன தோலுக்குக் கத்தாழச் சோறு. வெட்டுன ஒடனே மஞ்சளா ஒண்ணு வடியும், அத நல்லாக் கழுவிட்டுப் போடுங்க. வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணி. எலுமிச்சம்பழத்தத் தேச்சு மட்டும் வெயில்ல விட்டுறாதீக, கொப்பளம் போட்டுரும். உங்க வீட்டம்மா தேச்சு விட்டாகளா? நல்லாருக்கு!

எனக்கு இம்புட்டும் எப்பிடித் தெரியும்னா, என் மக ரோஜாவாலதான். பத்தொம்பது வயசு. தொடையில தோல உரிச்சு முதுகுல ஒட்டியிருக்காக. மதுர டாக்டரம்மா கண்ணாடிய இப்பிடி மூக்கு நுனிக்கு எறக்கி, நாக்கு வலிக்காமச் சொல்றாக: சோலையம்மா, இந்தப் புதுத் தோல்ல ரெண்டு வருசத்துக்கு வெயிலே படக்கூடாது. விருதுநகர் சில்லாவுல பொறந்தவகிட்டச் சொல்றாக சார்! மீனக் கூப்பிட்டு, ரெண்டு வருசம் நனையாமப் பாத்துக்கன்னு சொன்ன மாதிரி.

சிரிங்க, நானும் அன்னைக்குச் சிரிச்சேன். பெறகு என்ன செய்ய? தகரக் கூரைக்கு மேல தென்னங்கீத்து போட்டேன். வாசல்ல பீர்க்கங்கொடி ஏத்துனேன். சன்னல்ல நனைச்ச சாக்கு. தெருவெளக்கு எரிஞ்ச பெறகுதான் பிள்ள வாசப்படிய விட்டு எறங்கும். நான் வௌவாலுமான்னு அவளே சொல்லிச் சிரிக்கா.

எப்பிடி ஆச்சா? இங்கனதான். கம்பெனிக்குப் பின்னாடி ஒரு பாறை இருக்கு. கூரைச் செட்டுக்குள்ள காயவைக்க வேண்டிய பட்டாசுச் சரக்க எல்லாம் அதுல விரிப்பாக. சீக்கிரம் காஞ்சாச் சீக்கிரம் லோடு போகும்ல. அங்கன ஒத்தப் புங்கமரம் நின்னுச்சு. பொம்பளைக அதுலதான் சித்த ஒதுங்குவாக. நெழலு விழுந்தா சரக்கு காயாதுன்னு வெட்டிட்டான் போர்மேன் தங்கச்சாமி. அவன் பேசுற மாதிரிக் காட்டவா? வாயில வெத்தல, கையில குடை. ஏட்டி, வெயிலு சும்மா கெடைக்குது, நீங்க என்னத்துக்குட்டி நெழலுக்கு அலையுதீக? குடைக்குள்ள நின்னுக்கிட்டுச் சொல்லுவான் சார்!

போன வருசம் பங்குனியில தரைச்சக்கரத்தக் காயப்போட்டிருந்தாக. உச்சி வெயிலு. ஒரு தட்டு பத்திக்கிச்சு. அங்கன வேலைக்குப் போன ரோஜா குனிஞ்சு நின்னா. மூஞ்சி தப்பிச்சுச்சு, முதுகு போச்சு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன தங்கச்சாமி போயி நிக்கான். போலீசு கேட்டா வீட்ல ஸ்டவ்வு வெடிச்சதுன்னு சொல்லு, வைத்தியத்துக்கு நானாச்சு. இல்லன்னா நீயே பாத்துக்கங்கான். எங்க வீட்ல ஸ்டவ்வே கெடையாதுண்ணே, கேஸுதான்னேன். கொஞ்சம் யோசிச்சான். சரி, அப்ப கேஸுன்னு சொல்லுங்கான்!

சொன்னேன் சார். கைநாட்டும் வச்சேன். பிள்ள குப்புறக் கெடந்து கத்துது, வேற என்னத்தச் சொல்ல?

மணி எம்புட்டு? பன்னெண்டு இருவத்தஞ்சா? நல்லது. இன்னொரு டம்ளர் ஊத்தவா? வேணாமா? அப்ப எந்திரிக்கதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கோங்க.

நீங்க கல்யாணத்துக்கு வாங்க வந்தவரு இல்ல. முழிக்காதீக. அர மணி நேரமா ஒரு வெல கேக்கல. உள்ள எத்தன பொம்பளைக போறாகன்னு மட்டும் மூணு வாட்டி கேட்டுட்டீக. உங்கள மாதிரி ஆபீசரு வந்தா உக்கார வச்சு, மோரக் குடுத்து, வாயக் குடுத்து நிறுத்தி வைக்கத்தான் இந்தக் கடையே. பானையில இருந்து பந்தக்கால் வரைக்கும் தங்கச்சாமி போட்டுக் குடுத்தது. நான் ஒரு போன் போட்டா, அங்கன பாறையக் கழுவிவிட்டுப் பொம்பளைகள முள்ளுக்காட்டுக்குள்ள ஓட்டிருவாக. போன மாசம் ஒருத்தரு ஒரு மணிக்கு வந்தாரு. நாந்தான் போன் போட்டேன். வெறும் பாறையப் பாத்துட்டு, எல்லாம் சரியாருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு.

பெறகு ஏன் போட்டேனா? பிள்ளைக்கு இன்னொரு ஆபரேசன் பாக்கி இருந்துச்சு சார். நேத்துத் தையல் பிரிச்சாச்சு. இனி அவன் தயவு எனக்கு ஒரு மயித்துக்கும் வேணாம்.

இன்னிக்குப் போன் போடல. முன்னாடியே உங்கள விட்டிருந்தா நீங்களும் வெறும் பாறையத்தான் பாத்திருப்பீக. பன்னெண்டரைக்குத்தான் விரிக்க ஆரம்பிப்பாக. மண்ரோட்டுல போகாதீக, கேட்டுல வாச்மேன் இருப்பான். ஓடையில எறங்கிப் போனா நேரா பாறைக்குப் பின்னாடி ஏறும். சரக்கு சூடேறதுக்கு முன்ன போயி நிக்கணும். நாப்பது பொம்பளைக இருக்காக சார் அங்கன. படம் பிடிக்கும்போது அந்தக் குடையையும் சேத்துப் பிடிங்க.

சித்த இருங்க, போனு அடிக்குது. அவந்தான். விரிக்கதுக்கு முன்ன ஒருக்க கேட்டுக்கிருவான். மூச்சு விடாதீக.

அண்ணே, சொல்லுங்கண்ணே. இல்லண்ணே, ஒரு ஈ காக்கா வரல. இந்த வெயில்ல யாருண்ணே வருவா? நீங்க விரிங்கண்ணே. நல்லா விரிங்க.