கோடு விழாத நாற்பது பிஸ்கட்டுகள்

கிட்ட வந்து உட்கார், மகளே. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் நொண்டி. இந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள். மேசையைத் துடைத்துவிட்டேன், நோட்டை வைத்து எழுதலாம். ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கேட்கிறாய். அப்படிச் சொன்னால் உனக்கு ஒன்றும் விளங்காது. முழுக் கதையாகவே சொல்கிறேன். ஒளிக்கவும் மாட்டேன், கண் காது மூக்கு வைத்துக் கூட்டவும் மாட்டேன். வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாய், கால் கடுக்கும்.

முதலில் வெண்ணெய் மாவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். அது யாருக்காகவும் காத்திருக்காது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து உருட்டினால் கால் மணி நேரம்தான். அதற்குள் வட்டம் வெட்டி, பூரணம் வைத்து, அரை நிலாவாக மடித்து, ட்ரேயில் அடுக்கிவிட வேண்டும். பராக்குப் பார்த்தால் வெண்ணெய் இளகி, ஓவனில் வைத்ததும் பிஸ்கட் தோசை மாதிரி படர்ந்துவிடும். அதனால்தான் எங்கள் வீட்டில் இது இரண்டு பேர் வேலை. நான் உருட்டி மடிப்பேன். தங்கை பூரணம் வைப்பாள்.

பூரணம் பெரிய வித்தை இல்லை. பேரீச்சை, அத்தி, உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல் நான்கையும் பொடியாக அரிந்து சர்க்கரைப் பாகில் சுண்ட வைப்பதுதான். கொதிக்கும்போது கிட்டே போகக் கூடாது. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டு, எலும்பைப் பார்க்காமல் போகாது.

மடித்த அரை நிலாவுக்கு இரண்டு முனை உண்டு. அழுத்தி மூடாவிட்டால் பாகு கசியும். இடது முனையில் என் கட்டைவிரல், வலது முனையில், மேசைக்கு எதிரே நிற்கும் அவள் கட்டைவிரல். ஒருத்தியே இரண்டு கையாலும் அழுத்தலாமே என்பாய். அழுத்தலாம்தான். எங்கள் வீட்டில் அப்படிச் செய்வதில்லை. ஆண்டு முடிவு விடுமுறை வந்தால் இந்தத் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்கு எங்கள் டப்பா போகும். ஒவ்வொரு பிஸ்கட்டிலும் எங்கள் இரண்டு பேர் விரலும் இருக்கும்.

அவள் விரல் பதிந்த குழியின் நடுவே மெல்லிய கோடு ஒன்று மேடாக எழும்பி நிற்கும். அவள் இடது கட்டைவிரலில் பள்ளமான தழும்பு இருந்தது, அதன் அச்சு. தெருப் பிள்ளைகள் டப்பாவைத் திறந்ததும் அந்தக் கோட்டைத்தான் தேடுவார்கள். அவளுக்குக் "கோட்டுச் சித்தி" என்று பெயரே உண்டு.

அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு வயது, அவளுக்கு ஏழு. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்குத் தலை வாரி, பல் தேய்த்துவிட்டு, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தேன். கண்ணை இமை காப்பது போல என்று சொல்வார்கள். இமை சில நேரம் கண்ணை மூடவும் வேண்டுமல்லவா.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் வேறு ஊரில் ஒரு பத்திரிகை அலுவலகத்திலிருந்து வேலைக்குக் கடிதம் வந்தது. தட்டச்சு வேலை. தட்டச்சில் அவள் விரல் மழை பெய்கிற மாதிரி போகும். இதே போன்ற விடுமுறைக் காலம்தான் அதுவும். ட்ரேயைச் சரி செய்ய ஓவனுக்குள் கையை விட்டிருந்தாள். கதவு அவள் கட்டைவிரலில் சாத்திக்கொண்டது. பழைய இரும்புக் கதவு, கனம் அதிகம். திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த வேலைக்கு வேறு யாரோ போனார்கள்.

இருபத்தெட்டு வயதில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். அந்த வாரம் பூரணச் சட்டி அடுப்பிலிருந்து அவள் கால் மேல் சாய்ந்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை. துணியைப் பிரித்தபோது தோலும் கூடவே வந்தது. நான்கு மாதம் படுக்கை. நான்தான் மருந்து வைத்தேன், நான்தான் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டு போனேன். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. ஆசிரியர் இரண்டு மாதம் வந்து பார்த்தார், பிறகு வரவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது பழமொழி. நான் அணைத்ததைப் பார்க்காதவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை.

பிறகு இருபத்தொன்பது வருடம் ஒரு தொல்லையும் இல்லை. அதையும் எழுதிக்கொள். இருபத்தொன்பது வருடம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

போன கோடையில் அவளுக்குப் பார்வை மங்கியது. நானே கூட்டிப் போய்க் கண்ணாடிக் கடையில் விட்டேன். கடைக்காரர் மனைவியை இழந்தவர், வழுக்கைத் தலை, வாய் ஓயாது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார்.

"கடைசி வரி தெரியுதா?"

"தெரியல."

"என் தலையில முடி தெரியுதா?"

"இல்லையே."

"அப்போ பார்வை நல்லாத்தான் இருக்கு."

அவள் சிரித்தாள். என் முன்னால் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கண்ணாடிக்குத் திருகு தளர்ந்தது என்று போனாள், பெட்டி வேண்டும் என்று போனாள், துடைக்கிற துணி வேண்டும் என்று போனாள். ஒரு கண்ணாடிக்கு எத்தனை நோய் வரும் என்று நான் கேட்கவில்லை.

நேற்று மதியம் இரண்டு மணி இருக்கும். ஏழு ட்ரே முடிந்திருந்தது. எட்டாவது ஓவனில் இருந்தது. இன்னும் நாற்பது பிஸ்கட்டுக்கு மாவு மிச்சம். நான் இந்த மேசையில் உருட்டிக்கொண்டிருந்தேன், அவள் நீ உட்கார்ந்திருக்கும் பக்கம் நின்றாள்.

"அக்கா, சாயங்காலம் நான் கிளம்பறேன். அஞ்சு மணிக்கு அவர் வராரு."

"எங்கே?"

"அவர் வீட்டுக்கு. பதிவு பண்ணிக்கப் போறோம்."

"இந்த வயசுலயா?"

"ஐம்பத்தேழு ஆச்சு. இனிமே முடி நரைச்சுதான் போகணும்னா, அதுவும் நரைச்சாச்சு."

"மிச்ச மாவை யார் பாக்கறது?"

"முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். பாதியில போட்டுட்டுப் போற ஆளா நான்?"

நான் மறுபடி மாவை உருட்டினேன். வட்டம் வெட்டினேன். அவள் பூரணம் வைத்தாள். ஐந்தாறு வட்டம் ஆகியிருக்கும், இன்னும் ஒன்றையும் மடிக்கவில்லை. அப்போது அவள் தலை நிமிராமலே சொன்னாள்.

"ஓவன் கதவு தானா சாத்தாதுக்கா. எனக்கு அன்னைக்கே தெரியும். உன் முகத்தைப் பாத்துட்டேன்."

நான் உருட்டுவதை நிறுத்தவில்லை.

"சட்டியும் தானா சாயல."

"தெரிஞ்சும் எதுக்கு இருந்தே?"

"நான் போயிட்டா உனக்கு யாரு இருக்கா? பாவமா இருந்துச்சு."

அது வரைக்கும் எனக்கு மனதில் ஒன்றும் இல்லை, மகளே. நம்பு. தெரிந்தும் இருந்தாளே, அதுவும் ஒரு பாசம்தானே என்று உள்ளுக்குள் குளிர்ந்துகூடப் போனேன். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, என் தோளில் கை வைத்தாள்.

"பரவாயில்லக்கா. எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."

மன்னிப்பது என்றால், மன்னிக்க ஒரு குற்றம் இருக்க வேண்டும் அல்லவா. ஐம்பது வருடம் சோறூட்டியவளைக் குற்றவாளியாக்கிவிட்டு, வாசலில் ஒருவன் வந்து நிற்பதற்குள் அதைத் தள்ளுபடியும் செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அது நியாயமா, நீயே சொல். நீ சொல்ல மாட்டாய், உன் வேலை அப்படி.

கையில் மாவு உருட்டும் கட்டை இருந்தது. வைரம் பாய்ந்த மரம், அம்மாவுடையது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. அவள் விழவில்லை. கண்ணாடி கழன்று பூரணத்துக்குள் போனது, அவள் அதைத் தேடுவது போல மேசையைத் தடவினாள். இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கியது. மூன்றாவது அடி தாடையில், அது உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இடது பக்கமாகச் சரிந்தாள், இடது கை உடம்புக்கு அடியில் போய்விட்டது. மாவில் இரத்தம் தெறிக்கவில்லை. நான் ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

அவள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வாய் சரியாகத் திறக்கவில்லை. ஏதோ சொன்னாள். குனிந்து காது கொடுத்தேன்.

"அக்கா, ட்ரே கருகுது."

உண்மைதான், வாசனை வந்துவிட்டது. எழுந்து போய் ஓவனை அணைத்தேன். துணியைப் பிடித்து ட்ரேயை வெளியே எடுத்தேன். நான்கு பிஸ்கட்டுக்கு ஓரம் கறுத்திருந்தது, அவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். மற்றவை ஆறட்டும் என்று ஜன்னலோரம் வைத்தேன். பிறகு திரும்பி வந்து, கட்டையை எடுத்து, அவள் மூச்சு நிற்கும் வரைக்கும் அடித்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. உங்கள் டாக்டர் எண்ணிச் சொல்வார்.

நீ பேனாவை நிறுத்திவிட்டாய். தண்ணீர் வேண்டுமா? அந்தப் பானையில் இருக்கிறது, நல்ல தண்ணீர்தான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மாவு இளக ஆரம்பித்திருந்தது, மறுபடி குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தேன். அவளை இதோ, இந்தச் சாமான் அறைக்குள் இழுத்துப் போய்க் கிடத்தினேன். விழுந்த வாக்கிலேயேதான் கிடத்தினேன், இடது பக்கமாக. புரட்ட மனம் வரவில்லை, அந்தப் பக்கம்தான் முகம் சிதைந்திருந்தது.

பன்னிரண்டு வீடுகளும் காத்திருக்கும். இரண்டு விரல் இல்லாமல் எங்கள் டப்பா என்றைக்கும் போனதில்லை. அதனால் ட்ரேயைச் சாமான் அறைக்குக் கொண்டு போய், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். இடது முனையில் என் விரலை வைத்தேன். அவள் வலது கையை எடுத்து, கட்டைவிரலை மாவில் தோய்த்து, வலது முனையில் அழுத்தினேன். ஒவ்வொன்றாக நாற்பது. அவளுக்கு எப்போதும் கை சூடு. வெண்ணெய் மாவுக்கு அந்தச் சூடு ஆகாது என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். கடைசி ட்ரே வருவதற்குள் கை நன்றாகக் குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவ்வளவு அழகாக எதுவும் வந்ததில்லை.

ஐந்து மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். புதுச் சட்டை, கையில் ஒரு குடை. அவளுக்குக் காய்ச்சல், தூங்குகிறாள், நாளைக்கு வாருங்கள் என்றேன். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தேன். வாசலிலேயே திறந்து ஒன்றைக் கடித்தார்.

"அவங்க கைப்பக்குவமே தனிதான்," என்றார்.

"ஆமாம். இது முழுக்க அவ கைதான்," என்றேன்.

மனிதர் சந்தோஷமாகப் போனார். இருட்டுவதற்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் டப்பா போய்ச் சேர்ந்தது.

இன்று காலை எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். நூல் ஒன்று பிசகினால் தூக்கம் வராத பெண். இரண்டு கையிலும் ஒவ்வொரு பிஸ்கட் வைத்திருந்தாள்.

"அக்கா, என் பேத்தி ஒரே அழுகை. பாதி டப்பாவுல சித்தியோட கோடு இல்லையாம். யாரோட விரல் இது?"

"அவளோடதுதான்."

"அவ விரலுன்னா கோடு இருக்கணுமே. தழும்பு என்ன அழியுமா?"

எந்தக் கோடு என்று நான் கேட்டேன். நடிக்கவில்லை, மகளே. முப்பத்தெட்டு வருடம் ஊரே பார்த்த கோடு. பிள்ளைகள் விரல் வைத்துத் தடவிப் பார்த்த கோடு. எதிரே நின்று மடித்த எனக்கு அது ஒரு நாளும் கண்ணில் பட்டு மனதில் நின்றதில்லை. வலது கை, இடது கை என்று எனக்கு வேறுபாடே தோன்றவில்லை. தையல்காரி என்னைப் பார்த்தாள். பிறகு இந்தக் குளிரிலும் ஜன்னல் திறந்து கிடந்த சாமான் அறையைப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. அவள் கத்திய கத்தலில்தான் நீங்கள் வந்தீர்கள்.

இவ்வளவுதான். என் தங்கையை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள், கையெழுத்துப் போடுகிறேன். கதவைச் சாத்தியதும் நான், சட்டியைச் சாய்த்ததும் நான். ஆனால் கோபத்தில் செய்தாள் என்று மட்டும் எழுதாதே. அவளிடம் நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

உன் போன் ரொம்ப நேரமாக மின்னுகிறது, எடுத்துப் பேசு. படத்தில் இருப்பது உன் பிள்ளைகளா? இரண்டும் பெண். பெரியவள் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பார், எவ்வளவு பொறுப்பு. உன் வீடு நன்றாக இருக்கட்டும், மகளே. அடுப்பு அணையாமல் இருக்கட்டும், வாசலில் கெட்ட காலடி படாமல் இருக்கட்டும். அந்தப் பெரியவளின் பிடி மட்டும் என்றைக்கும் தளராமல் இருக்கட்டும்.