நாத்து நட்டுட்டு வர்றேன்னார்

அதைக் கீழ வெச்சிருங்க. இல்லீங்க, உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு, செல்ஃபி வேணா எடுத்துக்கோங்க. ஆனா அந்தத் தொப்பி விக்கறதுக்கு இல்ல. டைனிங் டேபிள், ஆறு சேரு, கிரைண்டர், அந்த மூலையில நிக்கற லாம்ப், இதெல்லாந்தான் போஸ்ட்ல போட்டிருந்தேன். தொப்பி என் பொண்ணு ரோஷினியோடது. அவங்கப்பா வியட்நாம்ல இருந்து தன் கையால தெச்சு அனுப்பினது.

ஆமா, வியட்நாம். டூரா? நீங்க வேற! ஹெச்-ஒன் வேலை விசா ஸ்டாம்பிங்குக்குப் போனவருங்க. நம்மூர்ல இன்டர்வியூ ஸ்லாட்டே கெடைக்கறதில்ல, வியட்நாம்ல ஈசியா கெடைக்குதுன்னு எவனோ ஒருத்தன் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான். நம்மாளுங்களுக்குக் கேக்கணுமா? ஒரே வாரம் ப்ரியா, ஓடி வந்துருவேன்னு சின்னப் பெட்டி ஒண்ணை உருட்டிக்கிட்டுக் கெளம்பினார். ரோஷினிக்கு ஸ்கூல் இருந்துச்சு, நாங்க போகல. அங்க அமெரிக்கா கான்சுலேட்ல என்னடான்னா ஒரு கலர் சீட்டைக் கையில குடுத்து, இன்னும் வெரிஃபை பண்ணணும், சொல்லி அனுப்பறோம்னுட்டாங்க.

ஹோட்டல்ல எத்தனை நாள் கெடக்க முடியும்? சைகோன்ல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்துல ஹோம்ஸ்டே புடிச்சார். துவான்னு ஒருத்தர், நம்ம வயசுதான், அவரும் அவர் பொண்டாட்டியும் நெல்லு போடறாங்க, வாத்து மேய்க்கறாங்க. வயல்ல வேலை இல்லாதப்ப, நம்மூர் வாய்க்காலை அடைச்சுக் கெடக்குமே ஆகாயத்தாமரை, அந்தத் தண்டைக் காயவெச்சுக் கூடை பின்றாங்க. ஓலையச் சூடான இரும்புல தேய்ச்சு, மூங்கி வளையத்து மேல வெச்சு இந்தத் தொப்பி தைக்கறாங்க. தெச்ச நூலு கண்ணுக்குத் தெரியுதா பாருங்க.

மொதல்ல போன்ல ஒரே பொலம்பல். கொசு, நெட்டு நிக்கல, காப்பி சரியில்ல. அப்புறம் ஒரு நாள் வரப்பு மேல நின்னுக்கிட்டுப் பேசறார். அடுத்த வாரம் முட்டி வரைக்கும் சேறு. எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. ஏங்க, பேக்யார்டுல கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா, டைமர் வாங்கி மாட்டின மனுஷங்க அவரு! என் மாமனார் நஞ்சப்பன் கோபிப் பக்கம் இன்னும் நெல்லுதான் போடறார். பையன் கால்ல மண்ணு ஒட்டக்கூடாதுன்னு படிக்க வெச்சவரு. இவரும் லீவுக்குப் போனா களத்துல ஷூவக் கழட்ட மாட்டார்.

என் கதையக் கேளுங்க. எனக்கு மொதல்ல வந்த மாப்பிள்ளை விவசாயம். நல்ல தோட்டம், பையனும் தங்கம். முடியவே முடியாதுன்னுட்டேன். எங்க பக்கம் இது ஒண்ணும் புதுசில்ல, தோட்டம் பாக்கற பையன்னா ஜாதகத்தையே கையில வாங்க மாட்டாங்க. எங்கம்மா ஆயுசுக்கும் சாணியும் கையுமாத்தான் நின்னாங்க. எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாம், அமெரிக்கா மாப்பிள்ளையாப் பாருங்கன்னு ஒத்தக்கால்ல நின்னு இவரைக் கட்டினேன். நல்லாக் கட்டினேன் போங்க.

டேபிள் ஏன் விக்கறேனா? அவர் வேலை போயிருச்சுல்ல. அவர் ஹெச்-ஒன் போனா, அதை வெச்சு வந்த என் ஹெச்-ஃபோர் விசாவும் போச்சு, டேகேர்ல பாத்துட்டிருந்த என் வேலையும் போச்சு. ரோஷினி இங்க பொறந்தவ, அவளுக்கு ஒண்ணுமில்ல. அதுக்காக எட்டு வயசுப் புள்ளைய ஃப்ரீமான்ட்ல விட்டுட்டா போக முடியும்? மாசக் கடைசில ஈரோடு. தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றவ.

பாவம்னு மட்டும் சொல்லாதீங்க. கோயில்ல, மௌரி அவென்யூ கடையில, எங்க பாத்தாலும் அதான். விசா இன்னும் வரலையாமே, பாவம் ப்ரியான்னு டப்பா டப்பாவா சாம்பார் கொண்டாந்து குடுக்கறாங்க. நீங்க எங்கேர்ந்து வர்றீங்க? சாக்ரமென்டோவா? அவ்ளோ தூரமா? அப்ப இந்தப் பக்கமெல்லாம் அடிக்கடி வர மாட்டீங்க.

விசா வந்துருச்சுங்க. எப்பவோ வந்துருச்சு.

தெனம் பல்லு வெளக்கறதுக்கு முந்தி வெப்சைட்டத்தான் பாப்பேன். ஒரு நாள் இஷ்யூட்னு காட்டுச்சு. நான் கத்தின கத்துல ரோஷினி பயந்துட்டா. பாயசத்துக்குப் பால அடுப்புல ஏத்திட்டு அவருக்குப் போன் போட்டேன். பாத்தேன்னார். எப்பன்னேன். ரெண்டு வாரமாச்சுன்னார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருச்சு. நாத்து நட்டுட்டு வர்றேன் ப்ரியான்னார். நட்டாச்சு. அறுப்பு முடியட்டும்னார். அதுவும் ஆச்சு. வேலையும் தானாப் போகலைங்க, அவரே மெயில் போட்டு விட்டுட்டார்.

பொம்பளையா? நானும் மொதல்ல அதைத்தான் நெனச்சேன், துருவித் துருவிக் கேட்டேன். இருந்திருந்தாத் தேவலையே, மயிரப் புடிச்சுச் சண்டை போட்டிருப்பேன். வயக்காட்டுகிட்டப் போயி என்னன்னு சண்டை போடறது? எங்களையும் அங்க வந்துருன்றார். அதே சேறு கோபில இருந்தப்ப மூஞ்சியச் சுளிச்சவரு! இன்னொரு கூத்தக் கேளுங்க. அமெரிக்கா விசா பாஸ்போர்ட்ல சும்மா கெடக்கு. இவர் மூணு மாசத்துக்கு ஒருக்கா கம்போடியா பார்டருக்கு பஸ்ல போயி, வியட்நாம் விசாவப் புதுப்பிச்சுட்டு வர்றார். எரியுதுங்க எனக்கு.

ரோஷினிக்குத் தெரியாது. தெனமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு வீடியோ கால்ல உக்காந்துருவா. டாடி, விசா வந்துச்சான்னு இங்கிலீஷ்ல கேப்பா. நாட் யெட் கண்ணும்பார். நானும் பக்கத்துல உக்காந்து தலையாட்டுவேன்.

சரி, நீங்க அந்தப் பக்கம் புடிங்க, நான் இந்தப் பக்கம் புடிக்கறேன். பாத்து, கால் கழண்டுக்கும். ம், அப்படியே வண்டிக்குள்ள தள்ளுங்க. அவ்ளோதான்.

ஒரு நிமிஷம், இருங்க. இந்தாங்க, தொப்பி. காசெல்லாம் வேண்டாங்க, வெச்சுக்கோங்க. அப்படி மேலாக்க வைக்காதீங்க, சேருக்கு அடியில வெச்சு அந்தப் போர்வையப் போட்டு மூடிருங்க. மூணு மணிக்கு ஸ்கூல் பஸ் வந்துரும்.