வலப்புறத்து இலத்தீன்

தோலில் எழுதிய புத்தகத்துக்குக் குளிரும் ஆகாது, சூடும் ஆகாது. லண்டனுக்கு வந்த புதிதில் என் பாடும் அதுதான். அதனாலோ என்னவோ, விவிலியச் சங்கீதங்கள் அடங்கிய அந்தப் புத்தகம் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது.

பக்கத்துக்குப் பக்கம் இடப்புறம் கிரேக்கம், வலப்புறம் இலத்தீன். எண்ணூறு வருடங்களாக ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கின்றன. அதைப் பதிப்பிக்க நூலகம் எங்கள் இருவரையும் அமர்த்தியது. பேராதனையில் கிரேக்கம் படித்த பரமேஸ்வரன் அண்ணைக்கு இடப்புறம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருமடத்தில் இலத்தீன் படித்து, குருவாகாமல் வெளியேறிய எனக்கு வலப்புறம். அவர் உரக்க வாசிப்பார், நான் என் பக்கத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். வேண்டுமென்றே வேகமாக வாசிப்பார். அந்தக் குரலை வெறுத்தேன் என்றால் அது மிகை. சகித்துக்கொண்டேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி பியற்றிஸ் சமைத்ததை ருசித்துச் சாப்பிடுகிறவர்தான். தொண்ணூற்றொன்றில் புத்தகம் அச்சுக்குப் போகிற நேரம் பார்த்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னார், கிரேக்கம் மட்டும் வந்தால் போதுமாம். இலத்தீன் அடிக்குறிப்பில், என் பெயர் நன்றியுரையில்.

“ஏன் அண்ணை, என்ர வேலையில என்ன பிழை?”

“பிழை ஒண்டும் இல்லை, சூசை. உம்மட லத்தீன் பூசைக்குக் காணும். ஆராய்ச்சிக்குக் காணாது.”

எனக்குக் கோபம் வரவில்லை. இன்ஸ்பெக்டர், இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகங்கள் உள்ள அறையில் தீயணைக்கத் தண்ணீர் விட முடியாது. வாயுதான் விடுவார்கள். அதில் நெருப்பும் அணையும், மனிதனுக்கும் மூச்சு முட்டும். ஆகவே உள்ளே போகிறவர், வாசலில் இருக்கும் சுவிட்சைத் திருப்பி வாயுவை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. நாங்கள் எப்போதும் சோடியாகத் திரிந்ததால், வெளியே நிற்பவர் அதைச் செய்வது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. அதன் பிறகு ஒரு நாள் புத்தகத்தைத் திரும்ப வைக்க அண்ணை உள்ளே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் சுவிட்சைத் தொடவில்லை. தீ மணியின் கண்ணாடியை உடைத்தேன். மணி அடித்ததும் உள்ளே வாயு பாய்ந்தது. பிறகு கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். கதவு திறந்தால் வாயு வெளியே போய்விடும், புத்தகத்துக்குக் காவல் இல்லாமல் போகும். அவர் உள்ளிருந்து தட்டினார். அந்தக் கட்டடத்தில் என்னோடு இங்கிலீஷ் மட்டுமே பேசுகிறவர், அன்று தமிழில் கூப்பிட்டார்.

“சூசை, கதவைத் திறவும். ஏலாமல் கிடக்கு, தம்பி.”

அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. கேட்க இதமாகத்தான் இருந்தது.

தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். புத்தகத்தில் ஒரு கீறல் இல்லை, போய்ப் பாருங்கள். அறையில் நெருப்பே இருக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். உண்மைதான், இருக்கவில்லை. ஆனால் இருந்திருந்தால், அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.