போனின் மறுமுனையில் முத்தாரம்மாள்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா கோமதிநாயகம் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இன்று வேலைக்கு விடுப்பெடுத்துத் திருவனந்தபுரம் கழக்கூட்டத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் என் நண்பர் பூதலிங்கம் அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆழ்கடலுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கலத்தை உருவாக்கிய பொறியாளர் முத்தாரம்மாள் அம்மையார் மாரடைப்பால் காலமானார் என்று செய்தித்தாள் எழுதியது. அவ்வளவுதானா அவர்? அந்தக் கலத்தை ஓட்டுகிற ஞானையன் நான். அவரால் உயிரோடு நிற்கிறவன்.

தொண்ணூற்றெட்டில் விழிஞ்ஞத்துக்கு அப்பால் கடலில் சோதனைப் பயணம். கலத்துக்குள் நானும், கடல்தரையை ஆராய வந்த அவருடைய கணவர் பூதலிங்கமும். மேலே கப்பலில், எங்களோடு பேசும் போனில் அம்மையார். சோதனை என்பதால் கலத்தைக் கப்பலோடு ஒரு கயிறு பிணைத்திருந்தது.

தரையை நெருங்கியபோது கலம் குலுங்கி நின்றது. யாரோ விட்டுப்போன மீன்வலை. மோட்டாரை முடுக்கினேன், வலை இறுகியது. எடைக்கட்டிகளைக் கழற்றிவிட்டால் கலம் தானாக மிதந்து ஏறும். அவற்றிலும் வலை. எங்களுக்கு மூச்சுக்காற்று தரும், வெளியே இருந்த குழாயிலும் வலை.

போனில் அம்மையார்: "மோட்டாரை நிறுத்துங்க ஞானையன். வெளக்கையும் அணைங்க. நீரோட்டம் திரும்பட்டும், வலை தளரும்."

இருட்டு. சுவரில் வலை உரசும் ஓசை. கப்பலில் யாரோ மலையாளத்தில், "மேடம், கயறு வலிக்காம்", கயிற்றை இழுத்துவிடலாம் என்று கத்துவது கேட்டது.

"கயித்தைத் தொடாதீங்க. இழுத்தா காத்துக் குழாய் அறுந்துரும்" என்றார் அம்மையார்.

பூதலிங்கம் போனைப் பறித்தார். "முத்து, என்னால முடியல்ல. இழுக்கச் சொல்லு."

"பூதலிங்கம் சார், பேச்சைக் குறைங்க. காத்து ரெண்டு பேருக்கும் வேணும்."

கணவரைச் சார் என்றார். பூதலிங்கம் போனை என்னிடம் தந்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் இருந்தோம்? தெரியாது. எத்தனை தடவை என் கை மோட்டார் சுவிட்சுக்குப் போனது? அதுவும் தெரியாது. இடையிடையே, "ஞானையன், கையை எடுங்க" என்று அந்தக் குரல் மட்டும் வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என்னை அறிந்திருந்தார்.

உரசல் நின்றது. போனில் சொன்னேன். "இப்ப எடையை விடுங்க." விட்டேன். ஏறினோம்.

கப்பலில் பூதலிங்கம் கேட்டார்: "நான் உனக்குச் சாரா?"

"வீட்டுல பேசுத மாதிரி பேசியிருந்தா நான் அழுதிருப்பேன். நான் அழுதா ஞானையன் மோட்டாரைப் போட்டிருவாரு."

அன்பர்களே, அவர் திட்டமிட்டு வைத்த அடுத்த பயணத்தை நிறுத்திவிடலாம் என்று நேற்று ஒரு பேச்சு எழுந்தது. நிறுத்த மாட்டோம். கப்பல் புறப்படும். அவரிடம் வேலை பழகிய அஜிதா போனில் இருப்பார். நான் இறங்குவேன். பயம் இல்லையா? இருக்கிறது. இருந்தும் இறங்குவேன்.

அன்றிலிருந்து கலத்துக்குள் கால் வைக்காத பூதலிங்கம், இன்று காலை என்னிடம் வந்து, "ஞானையன், கூட நானும் வாறேன்" என்றார். வாருங்கள், பூதலிங்கம். சேர்ந்தே இறங்குவோம்.