கரண்டி மூக்கு

— எங்கடா? ஒரு மணி நேரமா கொசுக்கடிதான் மிச்சம்!

— கத்தாதக்கா, பறவையெல்லாம் பறந்துடும்.

— பறக்கட்டும்! ஏழு வருஷமா உன்கூடப் பேச்சில்ல. எங்கேயும் காணக் கிடைக்காத கரண்டி மூக்கு உள்ளான் வந்திருக்குன்னு சொன்னியேன்னுதான் இந்தச் சதுப்புல வந்து நிக்கிறேன்.

— வந்திருக்கு. நேத்துக் காலைல பாத்தேன். வலசை வந்த கூட்டத்தோட, அந்த மேட்டுக்கிட்ட... டீ குடிக்கிறியா?

— உன் டீயை நீயே குடி. நீ பாத்தா நிஜம், நான் பாத்தா பொய். அப்படித்தானே?

— ஆரம்பிச்சுட்டியா...

— அன்னிக்கு நான் இதே பறவையைப் பாத்தேன்னதும், பறவைச் சங்கத்துல அம்பது பேர் முன்னாடி எழுந்து, "நானும் பக்கத்துலதான் நின்னேன், அப்படி ஒரு பறவையே வரல"ன்னியே! கூடப் பொறந்தவன் பேசுற பேச்சாடா அது?

— பாக்காததைப் பாத்தேன்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது?

— பெரிய அரிச்சந்திரன்! அன்னிலேர்ந்து எனக்குக் "கரண்டி அக்கா"ன்னே பேரு. சங்கத்துப் பக்கம் தலைகாட்ட முடியல.

— அக்கா... அசையாத. இடது பக்கம், கோரைப்புல்லுக்கு முன்னாடி. குட்டியா ஒண்ணு... மூக்கைப் பாரு!

— தள்ளு. பைனாகுலரைக் குடு... ம். சேறா இருக்கும்.

— என்னது?

— மூக்கு நுனில சேறு அப்பிக்கிட்டாலும் கரண்டி மாதிரிதான் தெரியும். தண்ணில முக்கட்டும், அப்புறம் குதி.

— முக்குதா?

— முக்குது... நிமிந்துடுச்சு...

— சேறு போச்சா?

— இருடா... இன்னொரு தடவை முக்கட்டும்...

— சொல்லேன்! குடு, நான் பாக்குறேன்... ஐயோ! கரண்டியேதான்க்கா!

— ம்... கரண்டியேதான்டா...

— அழுறியா? மன்னிச்சுடுக்கா. இன்னிக்கே சங்கத்துக்கு எழுதுறேன். அன்னிக்கு நீ சொன்னதுதான் நிஜம், நான்தான் சரியா பாக்கலன்னு...

— எழுதினே, கையை முறிச்சுடுவேன்.

— ஏன்?

— அன்னிக்கு அது சேறுடா. சாதாரண உள்ளான்தான். ஊரெல்லாம் போன் போட்டு முடிச்ச பிறகுதான் அந்தச் சனியன் மூக்கை அலசுச்சு! அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? அந்த ஆத்திரத்தையெல்லாம் உன்மேல கொட்டிட்டேன்... என்ன முழிக்கிற? திட்டு. வாய் வலிக்கிற மட்டும் திட்டேன்டா!

— நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திட்டுறது... நேத்து நான் இந்தப் பக்கமே வரலக்கா. இதைச் சொன்னாத்தான் நீ வருவேன்னு சொன்னேன்.